காசிமீரோவின் கடற்கரைக் குடை

காசிமீரோ தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்யத் துணிந்தார். துணிந்தார், அவ்வளவுதான். செய்து முடித்தார் என்று நான் சொன்னால், ஸ்பெயினில் இருக்கிற எங்கள் ஆந்தூஹார் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஆணி. சாப்பாட்டு அறைச் சுவரில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், காசிமீரோ தம் கையால் அடித்த ஆணி. சொந்தமாக இரும்புக்கடை வைத்திருக்கிற மனிதர், ஆணிக்குக் குறைச்சலா? நல்ல கனத்த ஆணியாகப் பார்த்துத்தான் அடித்தார். அதில் ஒரு காட்டாட்டின் தலை, கொம்பும் தாடியுமாகத் தொங்க வேண்டும் என்பது திட்டம். தலை வருகிற வழியைக் காணோம். அவர் மனைவி ரெமேதியோஸ், சுருக்கமாக ரெமே, சமையல் முடிந்ததும் தன் ஏப்ரனைக் கழற்றி அதில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

ரெமேயின் அண்ணன் அனிசெட்டோ வீட்டில் மட்டும் அதே இடத்தில் அசல் தலை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை விருந்தென்றால் காசிமீரோவுக்கு எப்போதும் அந்த ஆட்டுக்கு நேர் எதிரேதான் நாற்காலி. அது கண்ணாடிக் கண்ணால் அவரையே பார்க்கும். அனிசெட்டோ சூப்பை உறிஞ்சிக்கொண்டே கேட்பார்: "என்ன மாப்ளே, ஆணி சௌக்கியமா?"

மனுஷன் எத்தனை காலம்தான் பொறுப்பார்!

மயோர்க்கா தீவின் மலைகளில் ஓர் ஆடு உண்டு. செம்பட்டை உடம்பு, முதுகில் கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல் கொம்பு. அனிசெட்டோவின் ஆடு அதற்கு முன்னால் குட்டி. அந்தத் தீவுக்கு விமானத்தில் போகவேண்டும், துப்பாக்கியோடு போகவேண்டும், முக்கியமாக ரெமேக்குத் தெரியாமல் போகவேண்டும். ஏனென்றால், கல்யாணமான புதிதில் தேனிலவுக்கு அதே மயோர்க்காவுக்குக் கூட்டிப்போவதாக மாதா மேல் ஆணையிட்டவர் அவர். மோதிரம் மாற்றிய மறுநாளே வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டார். அந்தத் தேனிலவு இன்றுவரை பாக்கி.

யோசித்து யோசித்து மண்டை காய்ந்த ஒரு நாள், காசிமீரோவின் மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. இரண்டு பயணமும் ஒரே பயணமாகிவிட்டால்?

"ரெமே, தேனிலவுக்கு மயோர்க்கா போறோம்."

"யாரோட?"

"உன்னோடதான்டி!"

"நவம்பர்லயா? கடல்ல கால வச்சா வெறச்சுப் போயிடும்."

"யாரு குளிக்கச் சொன்னா? பாத்தாப் போதும். காலைல எனக்கு முட்டிக்கு நல்லதுன்னு கொஞ்ச நேரம் மலைப்பக்கம் நடந்துட்டு வருவேன். மத்த நேரமெல்லாம் உன்கூடத்தான்."

"ஓஹோ. அந்த நீளப் பெட்டி எதுக்கு?"

"குடை."

"என்ன குடை?"

"கடற்கரைல விரிக்கிற குடை. வெயில்ல உன் முகம் கறுத்துடக் கூடாது பாரு."

"குடைக்கு எதுக்குங்க எண்ணெய் போட்டுத் தொடச்சீங்க? காலைல பாத்தேனே."

"கடல் காத்து. துருப்புடிச்சிரும்."

"ரெண்டு பூட்டு வேற தொங்குது."

"ஒசத்தியான குடைடி! எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

ரெமே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குன்னு ஒரு குடை வாங்கணும்னு இத்தனை வருஷத்துக்கு அப்புறமாவது தோணிச்சே" என்று சொல்லி ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். காசிமீரோவுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான். ஆனால் தம் சாமர்த்தியத்தை நினைத்து வந்த வியப்பில் அது அமுங்கிப்போயிற்று.

துப்பாக்கியை விமானத்தில் கொண்டுபோவதென்றால் சும்மாவா? அந்த விதிகளை அவர் ஞானோபதேசம் போல மனப்பாடம் செய்தார். துப்பாக்கி காலியாக இருக்கவேண்டும். கெட்டிப் பெட்டிக்குள் பூட்டியிருக்கவேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளுகிற போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்கவேண்டும். அது இல்லாத துப்பாக்கி வெறும் கம்பி. தோட்டா இன்னொரு டப்பாவில். விமான நிலையத்தில் ஆயுத அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, திறந்து காட்டி, பூட்டிக் கொடுத்தால் அது விமானத்தின் வயிற்றுக்குள் போகும். வருமான வரி விஷயத்தில்கூட காசிமீரோ சட்டத்தை இவ்வளவு மதித்ததில்லை.

புறப்படுவதற்கு முந்தின மாலை எல்லாவற்றையும் அடைத்துப் பூட்டினார். போல்ட்டை ஒரு காலுறையில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் செருகினார். பெட்டிச் சாவியும், வீட்டில் துப்பாக்கி வைக்கிற இரும்பு அலமாரிச் சாவியும் ஒரே வளையத்தில் இருந்தன. அதை எங்கே ஒளிப்பது? வீட்டிலிருக்கிற மாதா சொரூபத்தின் போர்வைக்குள்! அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? ஒளித்துவிட்டு, சாராயக் கடையில் உட்கார்ந்திருந்த அனிசெட்டோவிடம் போய், "மச்சான், ஆணிக்கு நாள் குறிச்சாச்சு" என்று சொல்லி இரண்டு கோப்பை அதிகமாகவே குடித்துவிட்டு வந்தார்.

ஊர்வலத்தில் மாதாவைத் தோளில் சுமந்து மலையேறுவது எங்கள் ஊர் ஆண்கள். காசிமீரோவும் இருபது வயதிலிருந்து தோள் கொடுத்தவர்தான். ஆனால் மாதாவுக்கு உடுத்துவது பெண்கள். அந்த நேரத்தில் ஆண்பிள்ளை எவனும் அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அதனால் மாதாவின் போர்வை தானாகவே மாறிக்கொள்கிறது என்பதுபோல எங்கள் ஆண்கள் திரிவார்கள். வீட்டுச் சொரூபத்துக்கும் யாராவது போர்வை மாற்றுவார்களே, பயணத்துக்கு முன்னால் கட்டாயம் மாற்றுவார்களே என்பது காசிமீரோவின் புத்தியில் எட்டவே இல்லை.

மறுநாள் மாலகா விமான நிலையம்.

"ரெமே, நீ போய் ஒரு காபி சாப்பிட்டுட்டு வா. நான் குடைய ஏத்திட்டு வர்றேன்."

"அவசரமே இல்லீங்க. மெதுவா ஏத்துங்க."

ஆயுதச் சோதனை அறையில் மீசை வைத்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "என்ன கொண்டு போறீங்க?"

"துப்பாக்கி" என்று காசிமீரோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க ஐயா."

"துப்பாக்கிங்க! வேட்டைத் துப்பாக்கி!"

"திறங்க."

முதல் பூட்டு. இரண்டாவது பூட்டு. மூடி திறந்தது. உள்ளே, மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட கடற்கரைக் குடை ஒன்று ஒய்யாரமாகப் படுத்திருந்தது. எடை குறையக் கூடாதென்று பக்கத்திலேயே, உலர்த்திய பன்றித்தொடை பாதி.

அதிகாரி பெட்டியைப் பார்த்தார். காசிமீரோவைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"இதுல தோட்டா எந்தப் பக்கம் போடறது?"

காசிமீரோ குடையைத் தூக்கி அதன் அடியில் தேடினார்.

"சரி, போல்ட் எங்க?"

காலுறையை உருவினார். ஒயின் பாட்டில் திறக்கிற திருகாணி வந்தது.

"தோட்டா?"

டப்பாவைத் திறந்தார். நெத்திலி அடைத்த ஆலிவ் காய்கள். அதிகாரி குனிந்து முகர்ந்து பார்த்தார். "நல்ல சரக்கு" என்றார். பிறகு மீசை விறைத்தது. "ஐயா, விளையாட்டெல்லாம் போதும். துப்பாக்கின்னு உங்க வாயால சொன்னீங்க. அப்ப அது எங்க? தொலைஞ்சு போச்சா? தொலைஞ்சதுன்னா சொல்லுங்க, எழுதிக்கறேன். ஆனா உங்க லைசென்ஸ் போச்சு. இனி இந்த ஜென்மத்துல நீங்க துப்பாக்கியத் தொட முடியாது."

காசிமீரோவின் கண் முன்னால் ஆணி வந்தது. அனிசெட்டோ வந்தார். இனி ஆயுள் முழுக்க அந்த ஆட்டுத் தலைக்கு எதிரே சூப்புக் குடிக்கவேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கையில் காபியோடு ரெமே வந்து நின்றாள்.

"என்னங்க, குடைய ஏத்தியாச்சா?"

"அம்மா, இவரு துப்பாக்கிங்கறாரு" என்றார் அதிகாரி.

"துப்பாக்கியா! அது வீட்ல இரும்பு அலமாரில தோட்டாவோட பத்திரமால்ல இருக்கு? நேத்து சாயங்காலம் மாதாவுக்குப் போர்வை மாத்தினேன். அப்பவே எல்லாம் சரிபாத்துட்டேன்." காபியை ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். "எங்க வீட்டுக்காரரு பொய்யே சொல்ல மாட்டாருங்க. குடைன்னு எங்கிட்ட மாதா சாட்சியாச் சொன்னாரு. நீங்களே கேளுங்க."

அதிகாரி காசிமீரோ பக்கம் திரும்பினார். அவரும் கல்யாணமானவர்தான். "இது துப்பாக்கியா, குடையா? யோசிச்சுச் சொல்லுங்க."

"குடை" என்றார் காசிமீரோ.

"சத்தமா."

"குடைங்க! கடற்கரைக் குடை! என் பெண்டாட்டிக்காக!"

"பாத்தீங்களா?" என்றாள் ரெமே.

காசிமீரோவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வந்தது மலைப்பு. புல் அசையாமல், சருகு சத்தம் கேட்காமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, இரை தானாக வந்து வலையில் விழும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதுதான் வேட்டை என்று அவர் ஊரெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறார். அதைச் செய்துகாட்டிய ஆளை இப்போதுதான் பார்க்கிறார். அம்மாடியோ, இத்தனை வருஷம் இவள் பக்கத்திலா குறட்டை விட்டுத் தூங்கினோம்!

விமானம் எழும்பியதும் ரெமே அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முதல் விமானப் பயணம். "ஏங்க, மேகத்துக்கு மேலயும் வெயிலடிக்குதுங்க!" என்றாள். "கீழ பாருங்க, அவ்வளவும் கடலு!" காசிமீரோ எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூட மறந்துபோனார். பிடித்த கையை இரண்டு பேரும் தரை இறங்குகிறவரை விடவில்லை.

தீவில் வேட்டை வழிகாட்டி போன் செய்தபோது, "முட்டி வலி" என்று சொல்லி வைத்துவிட்டார். பொய்யுமில்லை, அந்த அறையில் நின்றதிலிருந்து முட்டி ஆடிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கடற்கரையில் போர்வை விரித்தாள் ரெமே. பன்றித்தொடையை மெல்லிசாகச் சீவி ரொட்டியோடு வைத்தாள், ஆலிவ் டப்பாவைத் திறந்தாள். மனுஷ நடமாட்டமே இல்லை. நவம்பராக இருந்தாலும் நல்ல வெயில். குடையை ஊன்றலாம் என்று காசிமீரோ எழுந்தார்.

எழுந்தவர் அப்படியே நின்றார்.

பாறைமேல் அது நின்றது. செம்பட்டை உடம்பு, கறுப்புக் கோடு, காற்றில் ஆடுகிற தாடி. அந்தக் கொம்பு இருக்கிறதே, அது அனிசெட்டோவின் சாப்பாட்டு அறைக்குள் நுழையவே நுழையாது! அவர் கனவில் பார்த்ததுகூட இதில் பாதிதான். அது ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்கு இறங்கிற்று. கால் வைத்த சத்தமே கேட்கவில்லை. செங்குத்தான பாறை அதற்கு வீட்டுப் படிக்கட்டு. காசிமீரோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுவரில் மாட்டிய தலைகளை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஓர் ஆட்டுக்குக் கழுத்துக்குக் கீழேயும் இவ்வளவு அழகு உண்டென்று தெரியாமல் போயிருந்தது.

"ரெமே" என்றார். "ரெமே, அங்க பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். இதுதானா உங்க ஆணி?"

"இதுதான்."

"ஆத்தாடி! எவ்வளவு அழகு!"

அது மணலில் இறங்கி நேரே அவர்களைப் பார்த்து நடந்து வந்தது. அந்தக் கடற்கரை ஆடுகளுக்கு, ரொட்டி கொண்டு வருகிறவர்களைக் கண்டு பயமில்லை. அவருடைய கை, அவரைக் கேட்காமலே, குடையைத் தூக்கித் தோளில் வைத்துக் குறி பார்த்தது. பழக்கதோஷம்! விரல் எதையோ அழுத்திற்று. படாரென்று குடை விரிந்தது.

ஆடு ஓடவில்லை. ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு சாவகாசமாக வந்து, ரெமேயின் பக்கத்தில், குடை நிழலில் படுத்துக்கொண்டு ரொட்டியை மெல்லத் தொடங்கியது. காசிமீரோ மூச்சு விடாமல், குடைக்காம்பைப் பிடித்தபடி நின்றார். கை நீட்டினால் கொம்பைத் தொட்டுவிடலாம். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எந்தக் காட்டு மிருகத்தையும் அவர் இவ்வளவு பக்கத்தில் உயிரோடு பார்த்ததில்லை. இனிப் பார்க்கப் போவதுமில்லை. ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே ரெமே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க மரம் மாதிரி நிக்கறீங்க? குடைய இந்தப் பக்கம் கொஞ்சம் சாச்சுப் புடிங்க. ஆட்டுக்கு மூஞ்சில வெயில் படுது."