அத்தை அளந்த மலை

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"இந்தப் பாறையில எதுக்கு மஞ்சள் பெயின்ட்ல வட்டம் போட்டிருக்காங்க?"

கூட வந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாது. மலையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அது உயரமாக இருக்கும் என்பதுதான். ஜனங்கள் படியேறக் கூடாது என்பதற்காகவே பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் சம்பந்தம் பேசப் போன அத்தை, "எங்க பையன் லீவு விட்டா மலையேறக் கிளம்பிடுவான்" என்று பெண் வீட்டில் அளந்துவிட்டாள். பெண் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஓட்டலில் சந்திக்க வேண்டாம், ஒரு நாள் மலைக்கே போய்வரலாம் என்றாள். போட்டோ பார்த்த நாளிலிருந்து தூக்கம் கெட்டிருந்தவன் தலையை ஆட்டிவிட்டான்.

"அதுவா? ஆபத்துன்னு அர்த்தம். பாறை சரியும். நாம இந்தப் பக்கம் போவோம்."

வட்டம் இல்லாத பக்கமாகப் போனார்கள். கால் மணியில் பாதை ஒற்றையடியானது. அரை மணியில் அந்த அடியும் ஆட்டின் அடி போலத் தெரிந்தது. அப்புறம் வெறும் புதர்.

"பாதையைக் காணோமே?"

"குறுக்கு வழிங்க. பாதை இருந்தா எல்லாரும் வந்துடுவாங்கல்ல?"

அவள் அதையும் நம்பினாள். நம்பிவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"இது எந்தப் பறவையோட குரல்?"

"மலைக்குயில். ஆண்."

"ஆண்னு எப்படித் தெரியும்?"

"பதில் வராமலே கூப்பிட்டுக்கிட்டு இருக்கே."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மெல்லிய ரோமம் விட்ட ஓர் இலையை அவள் காட்டியதும், "மூலிகை. தேய்ச்சா களைப்பே தெரியாது" என்று கொத்தாகப் பறித்து முழங்கை வரை தேய்த்துக் காட்டினான். களைப்பு நிஜமாகவே தெரியவில்லை. எரிச்சல் அதற்கு இடமே வைக்கவில்லை.

"தடிச்சுக்கிட்டு வருதே?"

"வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

கையை நனைக்க ஓடையில் இறங்கினான். "முழங்கால் அளவுதான்" என்று சொல்லும்போதே பாசி வழுக்கியது. முழங்கால் அளவுதான். உட்கார்ந்தால் கழுத்து வரை வந்தது. தோளிலிருந்து கழன்ற பை, சாப்பாடு, டார்ச், வரைபடம் சகிதம் ஓடையோடு கிளம்பியது.

"பை போகுது!"

"போகட்டும். அனுபவசாலிங்க சுமையைக் குறைச்சுக்குவாங்க."

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம் போலிருந்தது.

"இப்போ எந்தப் பக்கம்?"

அவள் முகத்தில் பயம் துளியும் இல்லை. காலையில் பார்த்த அதே ஆவல். அதைப் பார்த்ததும்தான் அவனால் மேற்கொண்டு அளக்க முடியவில்லை.

"தெரியாதுங்க." அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு எதுவுமே தெரியாது. மலை ஏறினதே இல்ல. அது எங்க அத்தை அளந்தது. வட்டம், குயில், இலை எல்லாம் நான் அளந்தது. கல்யாணம் வேணாம்னு சொல்லிடுங்க, நியாயம்தான். இருட்டறதுக்குள்ள உங்களைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேக்கணும். அதுக்குத்தான் வழி தெரியல."

காலையிலிருந்து முதல் தடவையாக அவளே பனிக்குள் ஒரு பக்கம் கை நீட்டினாள்.

"அந்தப் பக்கம் போய்ப் பாப்போமா? சும்மா ஒரு யூகம்தான்."

பத்தே நிமிஷத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு தகரக் கூரை முளைத்தது. வனக்காவலர் ஒருவர் கம்பளியோடு வெளியே வந்தார். மெக்கானிக்குக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எல்லாம் இவங்க யூகம்ங்க," என்றான் பெருமையாக. "என்ன அதிர்ஷ்டம் பாருங்க!"

காவலர் அவன் ஈரக் காலணியிலிருந்து தலை வரை ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன ரேஞ்சரம்மா, இவர் நடந்தே வந்துட்டார்? போன மூணு மாப்பிள்ளைங்களும் கடைசி வரைக்கும் வழி தெரியும்னே சொல்லி, நாமதானே ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தோம்!"