நுரை வராத கெண்டி

அன்பு மைத்துனன் இத்ரீஸுக்கு,

மெக்னஸிலிருந்து உன் அக்கா புருஷன் அல்லால் எழுதுவது. சலாம். காசாபிளாங்காவில் நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். இங்கே எல்லோரும் சுகம். உன் அக்கா ஸுபைதாவின் கோபமும் ஒரு குறைவில்லாமல் இருக்கிறது.

போன தடவை வந்தபோது நீதானே சொன்னாய், "ரிட்டயர் ஆயிட்டோம்னு சும்மா உக்காராதீங்க மச்சான். புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம். இருக்கிற சாமான்ல எது தொந்தரவோ அதைச் சரிபண்ணுங்க, வியாபாரம் தானா வரும்" என்று? வீட்டைச் சுற்றிப் பார்த்தேன், டீக்கெண்டி கண்ணில் பட்டது. பிடி கையைச் சுடுகிறது, உயரத் தூக்கி ஊற்றினால் டீ தட்டெல்லாம் தெறிக்கிறது. பித்தளைக்காரன் ஹம்மூவிடம் கொடுத்துப் பிடிக்கு மரம் வைத்தேன், மூக்கைத் தம்ளரின் அடிவரை போகும்படி நீட்டினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து நம் மகள் இப்திஸாமைப் பெண் கேட்டு முஹ்சின் வீட்டார் வந்தார்கள். அந்தப் பையன் மேல் அவளுக்கு உயிர். நானே புதுக் கெண்டியை எடுத்துப்போய் ஊற்றினேன். பையனின் அம்மா லாலா கல்தூம் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நுரை எங்க?"

"ஒரு சொட்டுகூட சிந்தல, பாத்தீங்களா?" என்றேன்.

"அதையா கேட்டேன்? எங்க சம்பந்தம் பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே. இப்படி நுரையில்லாத டீய ஊத்தியா சொல்றது?"

எழுந்து போய்விட்டார்கள். நாம் உயரத் தூக்கி ஊற்றுவதே நுரைக்காகத்தான், நுரைதானே விருந்தாளிக்கு மரியாதை. பிறந்ததிலிருந்து குடிக்கிறவன் அதை மறந்துவிட்டேனே! பெண் அழுதுகொண்டே இருந்தாள். "கை சுடுதுன்னு நான் உங்ககிட்ட வந்து அழுதேனா?" என்று கேட்ட உன் அக்கா, கோபத்தோடு அந்தக் கெண்டியில் ஆலிவ் எண்ணெயை ஊற்றி மூலையில் வைத்தாள். அங்கேதான் அதிர்ஷ்டம் அடித்தது. எந்த ஜாடிக்குள் ஊற்றினாலும் மூக்கு அடிவரை போகிறது, எண்ணெய் ஒரு சொட்டு வழிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒன்று கேட்டாள், அவளைப் பார்த்துத் தெருவே கேட்டது. ஹம்மூவுக்கு இப்போது மூச்சு விட நேரமில்லை. கடைசியில் லாலா கல்தூமே முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தார். "எண்ணெய்க் கெண்டி இருக்காமே? அதுக்குத்தான் வந்தேன், வேற ஒண்ணுமில்ல." உன் அக்கா பழைய கெண்டியைத் தலைக்கு மேல் தூக்கி டீ ஊற்றினாள். பாதி என் மடியில் விழுந்தது. தம்ளரில் நுரை ததும்பி நின்றது. "இதுதான் டீ!" என்றார் அவர். அந்தத் தம்ளர் காலியாவதற்குள் நிச்சயம் முடிந்தது.

ஆக, நீ சொன்னபடி வியாபாரமும் வந்தது, சம்பந்தமும் திரும்பி வந்தது. வீட்டு வழக்கம் எதிலும் இனிக் கை வைப்பதில்லை என்று உன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்துவிடு. பிள்ளைகளுக்கு என் துஆ.

உன் மச்சான்,
அல்லால்

பி.கு.: கல்யாண மருதாணி மங்கும்வரை புது மருமகள் வேலை செய்ய வேண்டியதில்லை என்பது நம் வழக்கம் அல்லவா? அது சீக்கிரம் மங்கிவிடுகிறதே என்று நம் பெண்கள் காலங்காலமாகக் குறைப்படுகிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத மருதாணி ஒன்று குழைத்திருக்கிறேன். முதலில் ஆசையாகக் கை நீட்டியவர் லாலா கல்தூம்தான். "மருதாணி இன்னும் மங்கலையே" என்று அன்றிலிருந்து அவர் அடுப்பங்கரைப் பக்கமே போவதில்லையாம். அவர் கணவர் இப்போது நம் வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கையில் கரண்டி. கல்யாணத்துக்குக் கிளம்புமுன் எதற்கும் ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கொள்.