நூறு இடத்துக்குள் ஒரு வாக்கியம் புகுந்த படலம்

வாழ்க அந்தச் சிவப்புப் பேனா! புள்ளியின்றித் தவித்த மெய்களுக்குப் புள்ளியும், ஒட்டி நெரிந்த சொற்களுக்கு இடைவெளியும், முடிவறியாது அலைந்த வாக்கியங்களுக்கு முற்றும் தந்து புரந்தவர். மூக்குக்கண்ணாடியே கவசமாகவும் மரஅளவுகோலே கேடயமாகவும் பூண்டு, பிழையென்னும் பெரும்படையைப் பதினோராண்டுகளாகப் பத்திபத்தியாகப் புறங்கண்டவர். அச்சகத்தின் இரண்டாம் மாடியில் மின்விசிறியின் நேர்கீழே வீற்றிருந்து வல்லினங்களை ஆள்பவர். மற்ற ஆறு மேசைகளும் ஒருங்கே அஞ்சி ‘ஒற்றக்கா’ என்று அழைக்கும் மெய்ப்புத் திருத்துநர். அவர் ஒரு முற்பகலில் பொருத பெரும்போரைச் சொல்லப் புகுமுன், சொல்லுக்குரிய தெய்வங்களே, இவ்வுரையில் ஓர் ஒற்றும் மிகாமலும் குறையாமலும் காப்பீராக! இதையும் அவர் படிக்கக்கூடும்.

களத்தின் இயல்பு முதலில் கேட்பீர். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கப்படும் தாள்களை அச்சிடும் இடம் அது. எறும்பும் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்துகள் அங்கே நாள்தோறும் ஆயிரமாயிரமாக அணிவகுத்து வரும். அவற்றை எதிர்கொள்ளும் கோட்டையின் சுவரில், ஒற்றக்கா தம் கைப்பட எழுதி ஒட்டிய சாசனம் ஒன்று உண்டு. ‘ஆண்டு என்றே எழுதுக, வருடம் என்று எழுதற்க. திருத்துநர் என்றே எழுதுக. திருத்துனர் என்று எழுதற்க. எந்த வாக்கியத்தையும் இலக்கத்தால் தொடங்கற்க.’ இச்சாசனத்தை மீறியவர்கள் எவரும் உயிரிழந்ததில்லை. ஆனால் உணவு இடைவேளையில் அவர்களுக்கு அருகே யாரும் உட்கார்ந்ததும் இல்லை.

அக்கோட்டையில் தலைமைத் திருத்துநர் பதவி காலியாயிற்று. அந்த நாற்காலிக்குச் சாய்மானம் உண்டு, சக்கரம் உண்டு. அவற்றையெல்லாம் ஒற்றக்கா பொருட்படுத்தினாரல்லர். அந்த நாற்காலிக்குப் பகல் முறை உண்டு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை. பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போகும் முறையிலேயே பதினோராண்டுகள் கழித்துவிட்ட அவருக்கு, காலையில் அவர் கண்விழிக்குமுன் பள்ளிக்குப் போய்விடும் ஒன்பது வயது மகள் வாரத்தில் ஆறு நாள் தூங்கிய நிலையிலேயே காட்சியளித்தாள். தாயும் மகளும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் துண்டுச்சீட்டு ஒட்டிப் பேசிக்கொண்டார்கள். மகள் எழுதிய சீட்டில் விடுபட்ட ஒற்றுகளைச் சிவப்பில் போட்டுவிட்டே தாய் பதில் எழுதுவார். சென்ற மாதம் முதல் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படமாக வரைந்து ஒட்டலானாள். படத்தில் திருத்த ஒன்றுமில்லை. அதன்முன் பேனாவும் கையுமாக நெடுநேரம் நின்ற அன்றுதான், ஒற்றக்கா அந்த நாற்காலியை வெல்வதென்று வஞ்சினம் மொழிந்தார்.

ஏழு மேசைகளும் விண்ணப்பித்தன. விண்ணப்பம் அலுவலகக் கணினியில் மட்டுமே திறக்கும். நண்பகல் பன்னிரண்டுக்கு மூடும்; அதுவரை எத்தனை முறையும் மாற்றி அனுப்பலாம். அதற்காக மூன்று மணிநேரம் முன்னதாகவே பதினொரு மணிக்கு வந்தமர்ந்த ஒற்றக்காவை நோக்கி, திரையில் ஒரு வெண்பெட்டி வாய்திறந்து கேட்டது: ‘இப்பொறுப்புக்கு தாங்கள் ஏன் தகுதியானவர்? ஒரே வாக்கியத்தில், நூறு எழுத்துக்களுக்குள்.’ ‘இப்பொறுப்புக்குத்’ என்று வரவேண்டிய இடத்தில் ஒற்று இல்லை. ‘எழுத்துகள்’ என்று நிற்கவேண்டிய இடத்திலோ வேண்டாத ஒற்று நின்றது. ஓரிடத்தில் திருடியதை இன்னோரிடத்தில் ஒளித்துவைத்த அந்தக் கள்வனை நோக்கி ஒற்றக்கா ஒருமுறை உறுமினார். திரையில் பேனா எழுதாது என்பதால் அன்று அது உயிர்பிழைத்தது.

பின்னர் அவர் தொடுத்த வாக்கியமாவது: ‘பதினோராண்டுகளாக இதே அச்சகத்தில் மருந்துச் சீட்டுகளுக்கு மெய்ப்புப் பார்த்துவரும் நான் பிழை விடுவேன் என்று எவரும் சொல்ல முடியாது.’ விரல்விட்டு எண்ணினார். அறுபத்து நான்கே எழுத்துகள்! இலக்கணம் படித்தவர் எவர் எண்ணினாலும் அறுபத்து நான்கே. முப்பத்தாறு எழுத்து இலாபத்தோடு, வென்ற நாட்டைக் கொள்ளையிடாமல் திரும்பும் வேந்தரைப் போல், பெருந்தன்மையோடு பொத்தானை அழுத்தினார்.

பதிவானது என்றது திரை. பதிவானதைக் காட்டவும் செய்தது. ‘பதினோராண்டுகளாக இதே அச்சகத்தில் மருந்துச் சீட்டுகளுக்கு மெய்ப்புப் பார்த்துவரும் நான் பிழை விடுவேன்’.

அவ்வளவுதான். வால் இல்லை. வினையையும் எதிர்மறையையும் கடைசியில் வைத்துக் காக்கும் நம் மொழியின் கருவூலத்தை, இருட்டில் வந்த எலி தின்பதுபோல் அப்பெட்டி தின்றுவிட்டிருந்தது. தலைமைத் திருத்துநர் பதவிக்குப் போட்டியிடுபவர், பிழை விடுவேன் என்று தம் பெயருக்கு நேரே உறுதிமொழி கொடுத்தவராக நின்றார். மணி பதினொன்று நாற்பது.

அப்போது கைப்பேசி அலறியது. பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர்.

“என்னாச்சு, அனுப்பிட்டியா?”

“நடுவுல வெட்டிடுச்சுங்க.”

“ஐயையோ, எங்க? கையிலயா?”

“வினைமுற்றுல.”

“ரத்தம் வருதா?”

“போனை வைங்க. பன்னெண்டு மணிக்குள்ள நான் ஒரு முடிவு பண்ணணும்.”

“ஒரு முடிவும் பண்ணிடாத. நான் வண்டியத் திருப்பிட்டு வரவா?”

அவர் வைக்கவில்லை, இவர் வைத்தார்.

எதிர்மேசையில் அமர்ந்திருந்தான் ‘கமா’ என்று பெயர் பெற்ற மாற்றான். மூச்சு விடும் இடங்களிலும், மூச்சு விடாத இடங்களிலும், சில சமயம் சொல்லின் நடுவிலேயும் காற்புள்ளி தூவும் கைவள்ளல். ஒற்றக்காவைவிட நான்காண்டு இளையவன். காலையிலேயே விண்ணப்பித்துவிட்டுத் தேநீர் பருகிக்கொண்டிருந்தவன், எழுந்துவந்து திரையை எட்டிப்பார்த்தான்.

“என்னக்கா, உண்மைய ஒத்துக்கிட்டீங்க போல?”

“அறுபத்து நாலு எழுத்துடா தம்பி! எண்ணிப் பாத்துட்டுத்தான் போட்டேன்.”

“அது நம்ம கணக்கு. இது மெஷினு. புள்ளிய தனியா எண்ணும், கொம்ப தனியா எண்ணும், காலத் தனியா எண்ணும். நடுவுல விடுற இடத்தையும் எண்ணும்.”

“‘க்’ ஓர் எழுத்துடா!”

“அதுக்கு ரெண்டு.”

ஒற்றக்காவின் காதில் அச்சொல் இடியென இறங்கியது. மெய்யெழுத்து ஒன்றுக்கு இரண்டு இடம்! எந்த ஒற்றுகளுக்காக ஆறு மேசைகளைப் பகைத்தாரோ, எந்த ஒற்றுகள் இல்லாமல் ஒரு தாளும் அவர் மேசையைக் கடந்ததில்லையோ, அந்த ஒற்றுகளே இன்று பகைவரின் படையில் சேர்ந்து இரட்டைச் சம்பளம் வாங்கிக்கொண்டு நின்றன. திருத்தமாக எழுதினால் நீள்கிறது. சுருக்கமாக எழுதினால் திருத்தம் சாகிறது. இரண்டு யானைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றார் ஒற்றக்கா.

நின்றவர் வாளை உருவினார். இலக்கணத்தை ஒதுக்கிவைத்து இயந்திரத்தின் கணக்கில் எண்ணினால் மொத்தம் நூற்றிருபத்தெட்டு. இருபத்தெட்டுத் தலைகள் உருள வேண்டும். முதல் வீச்சில் ‘இதே அச்சகத்தில்’ என்னும் இரட்டையர் வீழ்ந்தனர். வேறெந்த அச்சகத்தில் இருந்தால் இங்கே விண்ணப்பிக்கப் போகிறோம்? பதினாறு ஒழிந்தது. இரண்டாம் வீச்சில் ‘எவரும்’ சாய்ந்தது, ஏழு ஒழிந்தது. எஞ்சிய எதிரிகள் ஐவர். ‘பதினோராண்டுகளாக’ என்பதை ‘11 ஆண்டுகளாக’ என்றால் மூன்று பேர் வீழ்வர். கை தட்டச்சுப் பலகையின் மேல்வரிசை வரை சென்றது. சுவரிலிருந்து சாசனம் நோக்கியது. எந்த வாக்கியத்தையும் இலக்கத்தால் தொடங்கற்க! தாம் போட்ட பூட்டில் தம் விரலே நசுங்க, ஒற்றக்கா கையை மீட்டார். மணி பதினொன்று ஐம்பத்தொன்று.

அவ்வேளையில் கமா, கோட்டையின் பின்வாசல் வழியே வரும் ஒற்றனைப் போல், குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, சொன்னா கோச்சுக்கக் கூடாது. ‘மருந்துச்’சுல ஒரு ஒற்று, ‘மெய்ப்புப்’புல ஒரு ஒற்று. ரெண்டையும் தூக்குங்க, நாலு போச்சா? கடைசியில முற்றுப்புள்ளிய எடுங்க. கரெக்டா நூறு. யாரு பாக்கப் போறா?”

கூட்டிப் பார்த்தார். ஐந்தேதான். நூறேதான். ஓர் இழை கூடவுமில்லை, குறையவுமில்லை. இத்தனை அழகாகப் பொருந்தும் ஒரு துரோகத்தை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. விரல் நீக்கும் பொத்தானின் மேல் நின்றது. அந்த ஒரு கணத்தில் அச்சகமே மூச்சடக்கியதென்பர். உண்மையில் மின்சாரம் போய் மின்விசிறி நின்றிருந்தது, கணினி மட்டும் தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“‘மருந்துச் சீட்டு’ன்னா மருந்தோட வர்ற சீட்டு. ஒற்றை எடுத்துட்டா மருந்தும் சீட்டும்! பதினோரு வருஷமா நான் மருந்து வித்துட்டு சீட்டாடிட்டு இருந்தேனா?” என்று முழங்கினார் ஒற்றக்கா. சினத்தில் ‘வருஷம்’ என்று தாமே சொல்லிவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “நீ உன் கமாவையெல்லாம் தூக்கினா, இந்த அச்சகத்துக்கே ஒரு மாசக் காகிதம் மிச்சம். போடா அங்கிட்டு!”

கமா போனான். ஆயினும் போர் ஓயவில்லை. எஞ்சி நின்ற வாக்கியத்தை மீண்டும் படித்த ஒற்றக்கா திடுக்கிட்டார். ‘நான் பிழை விடுவேன் என்று சொல்ல முடியாது.’ ‘எவரும்’ போனபின் இது என்ன பொருள் தருகிறது? விட்டாலும் விடுவேன், விடாமலும் இருப்பேன், யார் கண்டது என்றல்லவா தோளைக் குலுக்குகிறது! சுருக்கியதில் கொழுப்போடு எலும்பும் போயிருந்தது. பழுதுபார்த்துப் பயனில்லை என்று தேர்ந்த தளபதி, தம் கோட்டைக்குத் தாமே தீமூட்டினார். மொத்தமும் அழிந்தது. வெண்பெட்டி வெறும் பெட்டியாயிற்று. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

வெட்டவெளியில் இரண்டே சொற்களை நட்டார்: ‘பிழை விட்டதில்லை.’

சுருக்கம் உண்டு. இலக்கணம் உண்டு. முற்றுப்புள்ளியும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்.

பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டில் ஓர் இருமல் மருந்துத் தாள். ‘குடிக்கும் முன் நன்கு குலுக்கவும்’ என்று வரவேண்டியது, ‘குடித்தப் பின் நன்கு குலுக்கவும்’ என்று வந்தது. ஒற்றக்கா அதைக் கண்டார். கண்டு, வெகுண்டு, பெயரெச்சத்துக்குப்பின் வல்லினம் மிகாது என்று அந்தப் ‘ப்’பை வெட்டி வீழ்த்தி, ‘குடித்த பின்’ என்று திருத்தி, மகிழ்ந்து கையொப்பமிட்டு அனுப்பினார். ஐயாயிரம் தாள்கள், இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல், குடித்துவிட்டுக் குலுங்குமாறு நோயாளிகளுக்கு ஆணையிட்டன. எத்தனை பேர் குலுங்கினார்கள் என்பது தெரியவில்லை. ஆனால் அன்றுமுதல் எந்தத் தாளையும் அவர் ஒற்றுக்காக ஒருமுறையும் பொருளுக்காக இருமுறையும் படித்தார். அதை எவரிடமும் சொன்னதில்லை.

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. பொய்யை வைத்துக்கொண்டால் பதவி. மெய்யை எழுதினால் மானம் போகும். மெய்யெழுத்துகளுக்காகவே வாழ்ந்தவர் மெய்க்கு அஞ்சுவதா? பறை முழங்கியது, மின்விசிறி மீண்டும் சுழலத் தொடங்கியதன் ஓசைதான் அது. ஒற்றக்கா எழுதினார்:

‘பதினோராண்டில் விட்ட பிழை ஒன்று, அது இன்னும் நினைவிருக்கிறது.’

எண்ணினார். புள்ளியும் கொம்பும் காலும் இடைவெளியும் முற்றும் சேர்ந்து அறுபது. ஒற்று மிகவேண்டிய இடம் ஒன்றுகூட அதில் இல்லை. நாற்பது இடங்கள் உழாத நிலம்போல் வெறுமையாகக் கிடக்க, பன்னிரண்டடிக்க அரை நிமிடம் இருக்கையில், பொத்தானின் மேல் சுண்டுவிரல் நீங்கலாக எல்லா விரல்களும் ஒருசேர இறங்கின. பெட்டி வாய்மூடியது. கணவரின் பேருந்து ஒலிப்பான் வாசலில் அலறியது; மாடியிலிருந்து எட்டிப்பார்த்த ஒற்றக்கா, இரண்டு கைகளையும் விரித்து, ரத்தம் இல்லை என்று காட்டினார்.

ஐந்து நாள் கழிந்து வியாழக்கிழமை வந்தது. மேலாளரின் முன் ஏழு விண்ணப்பங்கள் இருந்தன. ஒருவர் வாக்கியம் ‘எனது நேர்மையி’ என்று நின்றது. இன்னொருவர் ‘கடமை தவறா’ என்று விக்கியிருந்தார். கமாவின் வாக்கியமோ, காற்புள்ளிகளை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்ததால், உழைப்பு, பணிவு, பொறுமை என்று நெடுந்தூரம் நடந்து, நூறாவது இடத்தில் ஒரு காற்புள்ளியின் மேல் கால்வைத்து வழுக்கிக் கிடந்தது. ஏழில் முற்றுப்புள்ளி இருந்தது ஒன்றில்தான். தலைமைத் திருத்துநர் வேலைக்கு முடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று மேலாளர் நினைத்தார். மாலை ஐந்தேகாலுக்குக் கடிதம் இரண்டாம் மாடிக்கு வந்தது.

ஒற்றக்கா பிரித்தார். ‘தங்களை தலைமை திருத்துனராக தேர்ந்தெடுத்துள்ளோம். இன்று முதல் பகல் முறைக்கு மாற்ற படுகிறீர்கள்.’

அந்தோ! ‘தங்களை’ ஒற்றிழந்து நின்றது. ‘தலைமை’ ஒற்றிழந்து நின்றது. ‘திருத்துனராக’ என்பதோ ஒற்றையும் இழந்து, சாசனம் விலக்கிய னகரத்தையும் நெற்றியில் சூடி நின்றது. ‘மாற்ற’ ஒருபுறமும் ‘படுகிறீர்கள்’ மறுபுறமுமாக, ஒரே சொல், நடுவிலிருந்த ஒற்றையும் வெள்ளத்தில் தொலைத்து, ஆற்றின் இரு கரைகளில் நின்று அழுதது. இரண்டு வரியில் ஆறு புண்கள்! நரம்புகள் புடைத்தன, நாசி விடைத்தது, வலக்கை தானே எழுந்து சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியது, ஆறு மேசைகளும் நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி வழிவிட்டன, கமா கண்களை மூடிக்கொண்டான், பேனாவின் முனை, மலைமேலிருந்து இரைகண்ட பருந்தெனத் தாளை நோக்கி இறங்கி, இறங்கி, ஒரு மயிரிழை உயரத்தில் நின்றது.

பகல் முறை ஐந்தரைக்கு முடிந்துவிடும் என்பதால், கடிதத்தை அப்படியே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.