அடிக்கல்லை நக்கிய முதல்வர்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தங்கையும் பிள்ளைகளும் சுகம். நான் மட்டும் கல்லூரி முதல்வர் நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் நெளிந்துகொண்டிருக்கிறேன். நாளைக் காலை ராஜினாமா கொடுக்கப்போகிறேன். அதை உங்கள் தங்கையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு நாதியில்லை.

இருபது வருஷம் நிலவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போதோ மூன்றாம் மாடிக் கழிவறைக் குழாய் ஏன் ஒழுகுகிறது, வேதியியல்காரர் நாற்காலியைத் தாவரவியல்காரர் ஏன் தூக்கிக்கொண்டு போனார், இதுக்கெல்லாம் நான்தான் பஞ்சாயத்து பண்ணணும், பண்ணி முடிச்சு நிமிர்ந்தா செயலாளர் கூட்டத்துக்குக் கூப்பிடுறார், அந்தக் கூட்டம் எதுக்குன்னா அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்க. ஒரு பாறையை உடைத்து ரெண்டு வருஷமாகிறது. கை அரிக்கிறது.

நேற்று புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. கல்லைக் கொடுத்தவர் பெரிய கிரானைட் வியாபாரி. ஈரப்படுத்தினால்தான் கல்லின் கனிம மணிகள் தெளிவாகத் தெரியும், தண்ணீர் இல்லாத இடத்தில் எங்கள் தொழிலில் நாக்குதான் தண்ணீர், பழக்கம் சும்மா விடுமா, மேடையில் துணியை விலக்கியதும் குனிந்து கல்லின் ஓரத்தை ஒரு நக்கு நக்கிவிட்டேன். என்ன சார் பண்றீங்க என்று கேட்டார் வியாபாரி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இது கிரானைட் இல்லீங்க, டாலரைட்னு வேற கறுப்புக் கல்லு" என்றேன்.

மைக் அதை வீதி வரைக்கும் கொண்டுபோச்சு. மனுஷர் சாப்பிடாமலே காரில் ஏறிட்டார்.

உங்கள் தங்கைக்கு இந்தப் பதவி பிடித்திருப்பது காருக்காக அல்ல. "ரெண்டு வருஷமா வாஷிங் மெஷின்ல கல்லு விழலை, அது போதும் எனக்கு" என்கிறாள். என் பேன்ட் பைக் கற்களால் போன மெஷின்களில் கடைசி மெஷின் நீங்கள் வாங்கிக் கொடுத்தது. அதனால்தான் சொல்லப் பயமாக இருக்கிறது.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
நாளை முதல் வெறும் வாத்தியார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மறந்துவிடவும். அவளிடம் வாயே திறக்க வேண்டாம். இன்று காலையில் ராஜினாமாவோடு செயலாளரைத் தேடிப் போனேன். அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்த இடத்தில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுக்கடுக்காக அப்படியொரு பாறை, மைத்துனரே! கண் கலங்கிவிட்டது. ராஜினாமாவைக் கிழித்து, அந்தத் தாளில் பாறைத் துண்டுகளைப் பொட்டலம் கட்டிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். அதை மூடிக் கான்கிரீட் போட முதல்வர் கையெழுத்து வேண்டுமாம். கை சுளுக்கு என்று சொல்லிவிட்டேன். இந்தச் சுளுக்கு லேசில் ஆறாது, பதவியை விடுவதாக இல்லை.

உள்ளே மெஷின் கடகடவென்கிறது. உங்கள் தங்கை எழுந்து போகிறாள். உடனே புறப்பட்டு வரவும்.