கொக்குப் பார்க்க ஒரு பைனாகுலர்

மட்டக்களப்பு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் றொஷெலுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் நான் இங்கு சுகம். முழங்காலைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும். நீயும் மருமகன் றயனும் மெல்பேர்ன் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க மன்றாடுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மூன்றாவது வசனத்திலேயே ‘ஓகே டடா, லவ் யூ’ என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

‘மம்மி போனதில இருந்து வீட்டுக்குள்ளயே கிடக்கிறீங்க, வெளியில இருந்து பறவையாவது பாருங்க, எந்தப் பைனாகுலர் வேணும் என்டு சொல்லுங்க, அனுப்புறன்’ என்றாயே, அது லேசான வேலை என்று நினைத்துத்தான் ஓம் என்றேன். முதலில் கொலின் அங்கிளின் தகப்பன் விட்டுப்போனதை இரவல் வாங்கினேன். உள்ளே பூஞ்சணம். கோபித்துக்கொண்ட புருஷன் பெண்சாதி மாதிரி குழல் இரண்டும் இரண்டு திசை பார்க்கின்றன. வாவியில் நின்ற ஒரு கொக்கு இரண்டாகத் தெரிந்தது. அக்கரையில் யோகராசாவும் இரண்டாகத் தெரிந்தான். ஒரு யோகராசா பேசாமல் இருப்பதையே தாங்க முடியவில்லை, இன்னொன்று எதற்கென்று அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் அவனைப் பார்க்கவில்லை, கொக்கைத்தான் பார்த்தேன். கொக்கு அவன் வீட்டு வளவுக்கு நேரே நின்றால் அது என் பிழையா? இத்தனை வருஷமாகத் தோணியில் வந்து நம் வாவிக்கரை மர வாங்கில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தவன். கிறிஸ்மஸுக்கு மம்மியின் லவ் கேக் அங்கே போகும். பொங்கலுக்கும் சித்திரை வருஷத்துக்கும் அவன் வீட்டுத் தட்டு இங்கே வரும். மம்மி போனபின் பொங்கல் வந்தது, தட்டு வரவில்லை. சித்திரை வந்தது, அப்போதும் வரவில்லை. அவள் இல்லாத வீட்டில் இவனுக்கென்ன தட்டு என்று நினைத்துவிட்டான் போல. எனக்கும் ரோஷம் இருக்காதா? வாவிப்பக்கக் கேற்றுக்குப் பூட்டுப் போட்டேன். அதன்பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுவது பிறிட்ஜ் மட்டும்தான், அதுவும் உறுமல்.

பிறகு அஹமட்டின் கடைக்குப் போனேன். இருப்பதில் பெரியதைக் கொடு என்று வாங்கி வாசலில் நின்று பிடித்தால் பாலம், வாவி, எதிர்க்கரை எல்லாம் ஆடுகின்றன. பூமியதிர்ச்சி என்று கத்திவிட்டேன். “அங்கிள், இது பத்து மடங்கு பெரிசாக் காட்டும், உங்கட கை நடுக்கத்தையும் சேத்து. உங்களுக்கு எட்டுத்தான் சரி. கண்ணாடியோட பாக்க இந்த றப்பர மடிச்சு விடலாம், மழைத் தண்ணியும் உள்ள போகாது” என்றான் அஹமட். நல்ல பிள்ளை, எட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னான். கொண்டுவந்து குழலைத் திருகிச் சரிப்படுத்துவதற்குள் அது பக்கத்து வீட்டு வளவைப் பார்க்கத் திரும்பிவிட்டது. சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “பேர்டி ஐயா, நீங்க பாக்கிற கொக்கு எங்கட உடுப்புக் கொடியிலயா இருக்கு?” என்று கேட்டாள். அறுபத்தொன்பது வயதில் எனக்கு இந்தப் பேரும் வரவேண்டுமா?

நேற்று மம்மியின் ஆண்டுப் பூசை. கொலினும் நானும்தான். இன்று காலை வாங்கில் தனியே இருந்து மறுபடி பிடித்தேன். எட்டு மடங்கில் யோகராசா ஆடாமல் தெரிந்தான். மெலிந்துவிட்டான். இரண்டு கையையும் கண்ணோடு வைத்து வெயில் மறைத்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை அறியாமல் கையைத் தூக்கினேன். கொக்குத்தான் பறந்தது.

ஆகவே மகள், எட்டு மடங்கு, தண்ணீர் புகாதது, றப்பர் மடிக்கக்கூடியது, இதையே அனுப்பு. எனக்குத் தனிமையாக இருக்கிறது. அக்கரை கொஞ்சம் கிட்ட வந்தால் போதும்.

தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியார் உங்கள் இருவரையும் தொலையாமலே காப்பாராக.

பாசமுள்ள டடா,
பேர்டி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் வாவிப்பக்கக் கேற்றில் ஒரே சத்தம். “பூட்டத் திறடா பேர்டி!” யோகராசாவின் கழுத்தில் பைனாகுலர், கையில் பலகாரத் தட்டு. “வயல் வட்டைக்குள்ள ஆனை வருகுதா பாக்க மகன் உதயரூபன் அனுப்பினது. ஆனையக் காணல்ல. பூசைக்குப் போன நேரம் தவிர நீ அதே நீலச் சட்டையோட குந்தியிருக்கிறதத்தான் தினமும் கண்டன். அதக் கழட்டுடா” என்றான். தட்டு ஏன் வரவில்லை என்று கேட்டேன். “செத்த வீடு நடந்து வருசம் திரும்பாத வீட்டுக்கு எப்பிடியடா பலகாரம் கொண்டு வாற? நேத்தோட திரும்பிற்று, இன்டைக்கு வந்திட்டன்.” எங்கள் வேதத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். “அத நீ சொல்லல்லயே” என்றான்.

பைனாகுலர் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருக்கிறோம். ஆனால் அவன் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. மம்மி லவ் கேக்குக்கு றவை எவ்வளவு போடுவாள்? அதைக் கேட்க இங்கே யாரும் இல்லை. உனக்குத் தெரிந்தால் அதை அனுப்பு.