நாலு இஞ்சுக் குழாயில் பேசியவர்

நாற்பது வயதுவரை நான் மனம்விட்டுப் பேசிய மனிதர் ஒருவர்தான். பேசும்போது அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்களுக்கு நடுவே அறுபதடி நீளத்துக்குச் சாக்கடைக் குழாய் இருந்தது.

தொண்ணூற்றெட்டில் அலுவலகம் என்னைக் கொல்லிமலைக்குத் தூக்கியடித்தது. வாழவந்தி நாடு என்ற மலைக்கிராமத்தில் ஒரு வாடகை வீடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொண்டையூசி வளைவுக்கொரு முறை வாந்தியெடுத்தபடி என் மனைவியும் வந்து சேர்ந்தாள். அந்த வீட்டுச் சமையலறையில் ஊற்றிய தண்ணீர் வெளியே போகும். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வரும். பத்தாம் நாள் அவள் பெட்டியைக் கட்டினாள்.

"சாக்கடைக்கு ஒரு வழி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி நாமக்கல்லுக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் அந்த வீட்டில் வாய் திறந்தவை தவளைகள் மட்டும்.

டீக்கடைக்காரரிடம் ஆள் கேட்டேன்.

"குழாய்க்காரரு இருக்காருங்க. வேலை சுத்தம். ஆனா வாயத் தொறக்க மாட்டாரு. ஊமைன்னே வெச்சுக்கோங்க."

குழாய்க்காரர் வந்தார். என் செருப்பைப் பார்த்தபடி நின்றார். நாளைக்கே ஆரம்பிக்கலாமா என்றேன். செருப்பிடமே தலையாட்டிவிட்டுப் போனார்.

சமையலறையிலிருந்து சரிவில் பலாமரத்தடிக் குழிவரை இரண்டு நாளில் பள்ளம் வெட்டினார். மூன்றாம் நாள் குழாயை ஒட்டி இறக்கினார். என்னைச் சமையலறை ஓட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்படி கைகாட்டிவிட்டு மரத்தடிக்குப் போனார். சற்று நேரத்தில் தரை பேசியது.

"ஏனுங்க சார், கேக்குதுங்களா?"

குப்புறப் படுத்து ஓட்டையில் வாயை வைத்தேன். "கேக்குதுங்க."

"அப்ப அடைப்பில்லீங்க. மண்ணு மூடறதுக்கு முந்திப் பேசிப் பாத்துரோணுங்க. தண்ணி ஊத்திட்டா அப்பறம் பேச முடியாது பாருங்க. என்னங்க சாப்புட்டீங்க?"

ஊருக்குப் பத்து வார்த்தை கொடுக்காதவர் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார். மிளகு, மழை, கரடி, என் இருமலுக்கு மருந்து என்று எதையும் விடவில்லை.

"நேர்ல ஏங்க பேச மாட்டேங்கறீங்க?" என்றேன்.

"மூஞ்சியப் பாத்தா வார்த்தை தொண்டையிலயே நின்னுக்குதுங்க. இதுல மூஞ்சி இல்லீங்களே."

மறுநாள் பசை காயவில்லை என்றார். அதற்கு மறுநாளும் காயவில்லை. நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாயும் தலையணையுமாகச் சமையலறையில் குடியேறினேன். பக்கத்து வீட்டு அம்மாள் மரவள்ளிக்கிழங்கு கொடுக்க வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சார், அதுல என்னத்தத் தேடறீங்க?"

"பேசிக்கிட்டிருக்கேன்."

கிழங்கை அங்கேயே வைத்துவிட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து போனார். ஆபீசருக்குப் பொண்டாட்டி போனதிலிருந்து இப்படி என்று சாயங்காலமே டீக்கடையில் பேச்சு.

ஐந்தாம் நாள் குழாய் கேட்டது: "அம்மிணி எப்ப வாராங்க?"

"சாக்கடை முடிஞ்சதும்."

"சாக்கடைக்காவத்தான் போனாங்களா, சார்?"

தரையில் கன்னம் ஒட்டிக் கிடப்பவனால் கௌரவமாகப் பொய் சொல்ல முடியாது. "இல்லீங்க. பன்னெண்டு வருஷமா அவ எது சொன்னாலும் 'ம்'னுதான் சொல்லியிருக்கேன். பத்திரிகைக்குச் சிரிப்புக் கதை எழுதறேன், ஊரே சிரிக்குது. வீட்டுக்கு ஒரு வார்த்தை மிச்சமில்லை."

"எங்கூட்டுக்காரியும் அதுக்குத்தானுங்க போனா. ஏழு வருசமாச்சு." பிறகு மெதுவாக, "அவ போறப்ப இந்த நாலு இஞ்சுக் குழாய் மலைக்கு வந்திருக்கலீங்க" என்றார்.

ஆபீஸ் நேரம் போக, சிரிக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மண்ணத் தள்ளிரட்டுங்களா?"

"நாளைக்குப் பாத்துக்கலாமே."

"வேண்டாங்க. இங்க சொன்னத அம்மிணிகிட்டப் போயிச் சொல்லுங்க. எனக்கும் பழகிப்போச்சுன்னா செரமங்க."

மண் விழும் சத்தம் குழாய் வழியாகவே கேட்டது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். திரும்பிப் பார்க்காமல் போயிற்று. வெளியே ஓடினேன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் செருப்பைப் பார்த்தபடி நின்றார். வாயைத் திறந்தேன், எனக்கும் வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டது. தலையாட்டிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார்.

எஸ்.டி.டி. பூத்தில் மூஞ்சி தெரியாத தைரியத்தில் மனைவியிடம் கொஞ்சம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்தாள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு போட்டது? ஊமைக் குழாய்க்காரர் ஒருத்தர் இருக்காராமே, அவரா?"

வழக்கமாக 'ம்' சொல்லியிருப்பேன்.

"உட்காரு, சொல்றேன்" என்றேன்.

சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன், அவருக்கும் சேர்த்து.