மாடியில் ஒரு குழி

நந்தகோபால் வலது கையைத் தோள்பட்டை வரைக்கும் பூமிக்குள் விட்டபடி குப்புறப் படுத்திருந்தார்.

"ஏங்க, அங்கன என்ன செய்யுதீங்க?" என்று கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கேட்டாள் அவர் மனைவி சுந்தரம்மாள்.

"பந்து உள்ள போயிட்டு."

"வெடிப்புக்குள்ள கைய விட்டா பாம்பு கெடக்கும்ங்க."

"பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிடலாம். மூணு பந்துதான் குடுத்திருக்காவ. ஒண்ணு போனா எங்க போயி வாங்க?"

அவர் கவலை நியாயமானதுதான். கோவில்பட்டிக் கடைத்தெருவில் கடலை மிட்டாய் கிடைக்கும், தீப்பெட்டி கிடைக்கும், கோல்ஃப் பந்து கிடைக்காது. சித்திரை வெயிலில் வீட்டுக்குப் பின்னால் கரிசல் நிலம் வாயைப் பிளந்து கிடந்தது. அரை மணி நேரம் துழாவியதில் ஒரு செருப்பு வாரும் போன வருஷத்துப் பருத்திக்காய் ஒன்றும் கைக்கு அகப்பட்டன. பந்து போனது போனதுதான்.

நந்தகோபாலுக்கும் கோல்ஃபுக்கும் முடிச்சுப் போட்டவர் அவர் வேலை பார்த்த நூற்பு மில்லின் எம்.டி. மில்லில் பஞ்சு கொள்முதல் செய்ய இரண்டு அதிகாரிகள். ஒருவர் நந்தகோபால், இன்னொருவர் பூவனலிங்கம். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வடக்கே வெகுதூரத்தில், ஆதிலாபாத்தில் திறக்கப்போகும் பஞ்சு டிப்போவுக்கு இருவரில் ஒருவர் ஐந்து வருஷம் போயாக வேண்டும். இருவருமே மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்கள்.

எம்.டி. கோயம்புத்தூர்க்காரர். மாதம் ஒரு முறை வந்து போவார். வந்தால் விளையாட வேண்டுமே என்று விருந்தினர் மாளிகைக்குப் பின்னால் கரிசலைத் தோண்டி எறிந்து, செம்மண் கொட்டி, புல் வளர்த்திருந்தார். அது 2003-ஆம் வருஷம். ஊர்க் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தது. அந்தப் புல்லுக்கு மட்டும் தினம் இரண்டு வேளை லாரியில் வந்தது.

"யாரை அனுப்பினாலும் நான் பாரபட்சம் பார்த்துட்டேன்னு சொல்லுவீங்க," என்றார் எம்.டி. "ஆனி மாசம் நம்ம ஆண்டு விழா வருதுங்க. ஆளுக்கு அஞ்சு பந்து. பத்தடி தூரத்துல இருந்து மெதுவா உருட்டிக் குழியில போடணும். ஜெயிச்சவரு இங்கேயே இருக்கட்டும். தோத்தவரு ஆதிலாபாத்."

ஆளுக்கு ஒரு மட்டையும் மூன்று பந்தும் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாளே பூவனலிங்கம் ஒரு வெள்ளைத் தொப்பியும் இடது கைக்கு மட்டும் ஓர் உறையும் வாங்கி மாட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தார். நந்தகோபால் தொப்பியும் வாங்கவில்லை, உறையும் வாங்கவில்லை. அவர் இடைசெவலில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். மட்டையைக் கையில் வாங்கியதும் ஆட்டுக்குக் குழை இழுக்கும் தொரட்டியைத் தலைகீழாகப் பிடித்தது போல இருந்தது. அந்தப் பழைய தொரட்டி இன்றும் அவர் வீட்டில் உண்டு. சுந்தரம்மாள் அதில்தான் முருங்கைக்காய் பறிப்பாள்.

சுந்தரம்மாளுக்குக் கோல்ஃப் தெரியாது, ஆதிலாபாத் தெரியாது. வீடு தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு பார்த்தவள். ஒன்பது வீட்டுக்காரர்களும் சொல்லி வைத்தாற்போல் முதல் நாளே, "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க" என்றார்கள். சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, வந்தவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் பதினான்கு ஆணி அடித்தாள். எட்டு ஆணியில் மாட்டுவதற்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் என்ன? அவள் சுவர், அவள் ஆணி.

அந்த வீட்டுக்கு இப்போது வயது பத்து மாதம்.

"வெளியில வேண்டாம். இனிமே வீட்டுக்குள்ளயே பழகப் போறேன்," என்றார் நந்தகோபால்.

கூடத்தில் ஒரு செம்பைச் சாய்த்து வைத்து, அதற்கு எதிரே நின்று, மூச்சை அடக்கித் தட்டினார். சிமெண்டுத் தரையில் பந்துக்குக் கொண்டாட்டம். செம்பைத் தாண்டி, அடுக்களைக்குள் நுழைந்து, தயிர்ச் சட்டியில் மோதியது. சட்டி இரண்டாகப் பிளந்தது. தயிரில் வழுக்கிய பந்து புறவாசல் வழியாக வெளியேறிச் சாக்கடையில் விழுந்து ஊரைப் பார்க்கப் போய்விட்டது.

"இன்னும் ஒண்ணு இருக்குல்லா?" என்றாள் சுந்தரம்மாள், தயிரைத் துடைத்தபடி.

"இருக்கு."

"அப்ப இன்னும் ஒரு சட்டிய எடுத்து வைக்கட்டா?"

மிஞ்சிய பந்தோடு நந்தகோபால் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தார். மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் இருந்தது. பந்து எங்கேயும் ஓட முடியாது. ஆனால் குழி வேண்டுமே? சாய்ந்த செம்பும் குழியும் ஒன்றாகிவிடுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுந்தரம்மாள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய்த் தளத்தை நாலு விரல் ஆழத்துக்குக் கொத்தி எடுத்தார். அழகான வட்டக் குழி.

அதில் பத்துக்கு இரண்டு பந்து விழுந்தது. ஒரு வாரம் பழகிய பிறகு பத்துக்கு ஒன்று விழுந்தது.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம், மூன்று வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டாத கோடை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊரே தெருவில் நின்று சந்தோஷப்பட்டது. சுந்தரம்மாள் மட்டும் அடுக்களையில் நின்று மேலே பார்த்தாள். கூரையில் இருந்து தாரையாக இறங்கிய தண்ணீர், அவள் அரைத்து வைத்திருந்த தோசை மாவில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"மாடியில என்ன செஞ்சீங்க?"

நந்தகோபால் சொன்னார்.

சொந்த வீட்டுத் தளத்தில் ஒருவர் உளி வைப்பாரா என்று அவள் கத்தப் போகிறாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவளும் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சுந்தரம், நான் தோத்துருவேன். எனக்கு இது வராது. ஆடு மேய்ச்ச கையி. நீ ஒவ்வொரு ஆணியா இப்பவே புடுங்க ஆரம்பிச்சிரு."

சொல்லிவிட்டு வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். ஐம்பது வயது ஆள் தோசை மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவது பார்க்க நன்றாக இருக்காது. சுந்தரம்மாள் மாவை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் அவர் மில்லுக்குக் கிளம்பும்போது, கொத்தனார் கொம்பையா சைக்கிளில் கரணையோடு வந்து இறங்கினார். வீட்டைக் கட்டியவரும் அவர்தான்.

"மழைநீர் சேகரிப்பு வச்சே தீரணும்னு நகராட்சியில இருந்து நோட்டீஸ் வந்துட்டு," என்றாள் சுந்தரம்மாள். "எப்படியும் நீங்க ஒரு ஓட்டையப் போட்டுட்டீங்க. அதுலயே பைப்ப எறக்கிரச் சொல்லிட்டேன். மேல பூச்சு காயுற வரைக்கும் மூணு நாளு மாடிப்பக்கம் வராதீங்க."

"பந்து?"

"நான் வச்சிருக்கேன். கடுகு டப்பாவுல."

நாலாம் நாள் மாடிக்குப் போனார். தளம் முழுக்கப் புதுப் பூச்சு பளபளத்தது. குழி இருந்த இடத்தில் குழியே இருந்தது. அடியில் பைப், பைப்பின் வாயில் ஒரு சல்லடை. மழைத் தண்ணீர் இறங்கிப் போகும், பந்து நின்றுகொள்ளும். இவ்வளவு நல்ல யோசனை கொத்தனாருக்கு எப்படித் தோன்றியது என்று நந்தகோபால் வியந்தார். கடுகு டப்பாவில் இருந்து எடுத்த பந்தில் சிமெண்டு ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டுத் தட்டினார்.

விழுந்தது.

மறுபடியும் தட்டினார். மறுபடியும் விழுந்தது. அன்றைக்குப் பத்துக்கு ஏழு. வார முடிவில் பத்துக்கு ஒன்பது.

மூன்று நாள் ஓய்வு கொடுத்ததில் கை பக்குவப்பட்டுவிட்டது என்று அவர் முடிவு செய்தார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுத் தன் முறைகளை எழுதத் தொடங்கினார். இடது கண்ணை இடுக்க வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்ட வேண்டும். அடிக்கக் கூடாது, உறங்கும் பிள்ளையின் முதுகில் தட்டுவது போலத் தட்ட வேண்டும். தினமும் காலையில் நூறு, சாயங்காலம் நூறு. சில சமயம் பந்து குழியைத் தாண்டிப் போய், மனம் மாறினாற்போல் திரும்பி வந்து விழும். அதற்கு 'நந்தகோபால் சுழற்சி' என்று பெயர் வைத்தார்.

"பாத்தியா சுந்தரம்? போன பந்து திரும்பி வருது!"

"நீங்க கூப்பிட்டா வராம இருக்குமா?" என்றாள் சுந்தரம்மாள், வத்தலைக் கிளறிவிட்டபடி.

ஒரு நாள் சாயங்காலம், மில் வாட்ச்மேன் சின்னக்கருப்பன் ஒரு பைல் கொண்டுவந்தார். மாடிக்கே வந்து கொடுத்துவிட்டு நின்று பார்த்தார். வரிசையாக இருபத்து மூன்று பந்து விழுந்தது. இருபத்து நான்காவதை அடிக்கும்போது நந்தகோபாலுக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மியபடியே அடித்தார். அதுவும் விழுந்தது.

சின்னக்கருப்பன் படியில் இறங்கும்போது கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை ஷிப்டில் இருபத்து நான்கு ஐம்பதானது. மத்தியான ஷிப்டில் நூறானது. கடைசி ஷிப்டுக்காரர்கள் கேட்டபோது, நந்தகோபால் அண்ணாச்சி கண்ணைக் கட்டிக்கொண்டு முந்நூறு அடித்திருந்தார். பூவனலிங்கம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஆண்டு விழா அன்று புல்வெளியைச் சுற்றி மில்லே திரண்டு நின்றது. முதலில் பூவனலிங்கம். நன்றாகப் பழகியிருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அடிக்கும் முன் நந்தகோபாலை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டுக் கை உறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஐந்துக்கு மூன்று.

நந்தகோபால் ராஜநடை நடந்து வந்தார். முதல் பந்தைத் தட்டினார். அது குழியின் ஓரத்தை ஒட்டிப் போய், ஓரடி தாண்டி நின்றது. அவர் அசையவில்லை. அது திரும்பி வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

"என்ன சார் பார்க்கறீங்க?" என்றார் எம்.டி.

"ஒண்ணுமில்ல சார். இங்கத்த காத்து வேற மாதிரி இருக்கு."

"வேணும்னே ஒண்ண விட்டுக் குடுக்காரு," என்று கூட்டத்தில் சின்னக்கருப்பன் விளக்கினார். பூவனலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நந்தகோபாலுக்கு வியர்த்தது. இன்னும் நாலு பந்து. நாலும் விழ வேண்டும். கூட்டத்தின் கடைசியில் சுந்தரம்மாள் நின்றிருந்தாள். முந்தானையின் நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மாடி ஞாபகம் வந்தது, வத்தல் வாசனை ஞாபகம் வந்தது, பதினான்கு ஆணியும் ஞாபகம் வந்தன. இடது கண்ணை இடுக்கினார். நாக்கை ஒட்டினார். உறங்கும் பிள்ளையைத் தட்டினார்.

விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. நாலாவது பந்து விளிம்பில் நின்று யோசித்துவிட்டு விழுந்தது. ஐந்தாவது, புல்லின் மேல் கோடு கிழித்தாற்போல் நேராகப் போய், சத்தம் கேட்க விழுந்தது.

மில் சங்கு ஊதியது. யார் ஊதினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. நந்தகோபாலைத் தோளில் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போனார்கள். பூவனலிங்கமே வந்து தன் வெள்ளைத் தொப்பியை அவர் தலையில் வைத்தார்.

"என்ன சார் ரகசியம்?" என்று கேட்டார் எம்.டி.

"பயிற்சி சார். பயிற்சியத் தவிர வேற ஒண்ணுமே இல்ல."

"அடுத்த மாசம் உங்க மாடிக்கே வரேனுங்க. எனக்கும் சொல்லிக் கொடுங்க."

நந்தகோபால் தொப்பியோடும் இரண்டு கிலோ கடலை மிட்டாயோடும் வீட்டுக்கு வந்தார். "சுந்தரம், பதினஞ்சாவது ஆணிய அடி!" என்று வாசலில் இருந்தே கத்தினார். அவளும் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பரிசாக வந்த பட்டயத்தை மாட்ட வேண்டுமே.

அந்த நேரத்தில் கொம்பையா கொத்தனார் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். ஊரெல்லாம் பேச்சாக இருந்ததாம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். நந்தகோபால் அவர் கை நிறைய மிட்டாய் கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணில் தொடங்கி நாக்கு வரைக்கும் எல்லா முறைகளையும் விளக்கினார். கடைசியில் சுழற்சிக்கு வந்தார்.

"போன பந்து திரும்பி வரணும் கொத்தனாரே. அது எல்லாருக்கும் வராது. அதுக்குக் கையில ஒரு கணக்கு வேணும்."

கொம்பையா மிட்டாயை மென்றபடி முகம் மலர்ந்தார். உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"அப்ப குழியப் பாத்துத் தளத்தச் சரிச்சு வச்ச வாட்டம் சரியாத்தான் இருந்துருக்கு அண்ணாச்சி! நீங்க எந்த மூலையில நின்னு எப்படி அடிச்சாலும் பந்து குழிக்குள்ளதான் வந்து விழணும்னு, அக்கா மூணு நாளும் வெயில்ல நின்னு, தொரட்டியால பந்தத் தட்டித் தட்டிப் பாத்துல்லா பூசச் சொன்னாவ!"